கடைசி லாப்ல இடிச்சு ஜெயிச்சேன், இப்ப கேஸ் போடுவேங்கறார்: என்ன பண்றது?

நார்த் கரோலினால இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார். வயசு 36, கோயம்புத்தூர்க்காரர், காலேஜ் படிக்கறப்பவே கோ-கார்ட் ஓட்டிப் பழகினவர். இப்ப சார்லட் பக்கம் ஐடி வேலை, ஹெச்1பி விசா, கிரீன் கார்டு கியூல நிக்கறார். ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட சேந்து ஒரு பழைய ஸ்ட்ரீட் ஸ்டாக் கார் வாங்கி சனிக்கிழமை ராத்திரி லோக்கல் ஓவல் டிராக்ல ரேஸ் ஓட்டறார்.

லெட்டர் ரொம்ப நீளம், சாரத்தை மட்டும் சொல்றேன். போன மாச ரேஸ்ல 12வது லாப்ல, அதாவது 12வது சுத்துல, அந்த ஊர்க்காரர் ஒருத்தர், அங்கயே பல வருஷமா ஓட்டறவர், மெக்கானிக், இவரை கார்னர்ல பின்னாடி தட்டி மேல தள்ளிட்டு முந்திப் போயிருக்கார். இவருக்கு ரெண்டு பொசிஷன் போச்சு, அப்புறம் ஒண்ணொண்ணா பிடிச்சு கடைசி லாப்ல அவருக்கு நேர் பின்னாடி ரெண்டாவதா வந்துட்டார். நாலாவது டர்ன் முடிஞ்சு ஸ்ட்ரெய்ட்டுக்கு வெளிய வர்றப்போ இவர் கார் மூக்கு அவர் காரோட வலது பின் மூலைல பட்டிருக்கு. அவர் கார் வலது பக்கமா திரும்பி நேரா கான்கிரீட் சுவத்துல போய் மோதிடுச்சு. இவர் ஃபர்ஸ்ட் வந்தார், ஆனா டிராக் அஃபிஷியல்ஸ் வெற்றிய எடுத்துட்டாங்க, பிரைஸ் பணம் 600 டாலரை நிறுத்திட்டாங்க, ரெண்டு வாரம் வராதேன்னுட்டாங்க. அந்த மெக்கானிக்குக்கு மணிக்கட்டு உடைஞ்சிருக்கு, ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது, வக்கீலைப் பாக்கப் போறேன்னு மெசேஜ் அனுப்பியிருக்கார்.

இவர் கேக்கறது: "சார், இது பம்ப் அண்ட் ரன், அதாவது தட்டி நகத்திட்டு முந்தறதுதானே, பழைய ரேஸ் ஜாம்பவான் எர்ன்ஹார்ட் பண்ணாததா? அவன்தானே முதல்ல தொட்டான்? கேஸ் போட மாட்டேங்கற வெய்வர்ல எல்லாரும் கையெழுத்து போட்டுட்டுத்தானே ஓட்டறோம், அப்புறம் எப்படி கேஸ் போட முடியும்? நான் டிராக் மேல அப்பீல் போகலாமா?" கடைசில ஒரு வரி சேத்திருக்கார், "ரெண்டு வாரமா தூக்கம் வரல". அவர் ஃப்ரெண்ட் ஒருத்தர் வேற, அடுத்த ரேஸ்ல அந்த டீம் ஆளுங்க உன்னை தூக்குவாங்க, நீ முந்திக்கோன்னு சொல்லியிருக்காராம்.

தம்பி, நான் இங்க சிவில் கேஸ் பாக்கற வக்கீல், இந்த ரேஸ்களையும் விடாம பாக்கறவன், அதனால ரெண்டையும் சேத்தே பேசறேன். தூக்கம் வரலங்கறதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா லெட்டர்ல நீங்க எழுதின எல்லா வாதத்தையும் விட அந்த ஒரு வரிதான் எனக்கு உண்மையாப் பட்டுது. நடந்தது என்னன்னு உங்களுக்கே உள்ளுக்குள்ள தெரியும்னு நெனைக்கறேன்.

ஸ்டாக் கார் ரேஸ்ல தொடறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த விளையாட்டு அப்படித்தான் வளந்திருக்கு. ஃபார்முலா கார்ல சக்கரம் வெளிய இருக்கு, சக்கரத்தோட சக்கரம் உரசினா கார் பறக்கும், அதனால அங்க தொட பயப்படுவாங்க. இங்க முழு பாடி, பம்பர், கூரை, உள்ள இரும்புக் கூண்டு, சின்ன டிராக்கு. மார்ட்டின்ஸ்வில் டிராக் ஒரு சுத்து 0.526 மைல்தான், பிரிஸ்டல் 0.533. இந்த மாதிரி இடத்துல முன்னாடி இருக்கறவன் உள் பாதைய விடலன்னா தொடாம முந்தறது பல சமயம் நடக்கவே நடக்காது. அதனால டிரைவர்களுக்குள்ளயே எழுதப்படாத ஒரு ஒப்பந்தம் மாதிரி பம்ப் அண்ட் ரன் வந்துச்சு.

ஆனா அது எப்படி பண்றதுன்னு ஒரு தடவை யோசிங்க. கார்னர்க்குள்ள போறப்போ முன்னாடி இருக்கறவர் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்கறார், எடை முன் பக்கம் சாயுது, பின் சக்கரம் லேசாகுது. அந்த நேரம் பாத்து ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே ஸ்பீடுல இருக்கறப்போ பின் பம்பரோட நடுவுல ஒரு தட்டு. கார் அரை லேன் மேல வழுக்கும், நீங்க உள்ள புகுந்து போயிடுவீங்க. அவருக்கு ஒரு இடம் ரெண்டு இடம் போகும், கோபம் வரும், ஆனா ஸ்டியரிங் அவர் கையில இருக்கும், கார் ஓடிட்டே இருக்கும். 12வது லாப்ல அவர் உங்களுக்குப் பண்ணது இதுதான், நீங்களே எழுதியிருக்கீங்க, கார்னர்ல, பின்னாடி, ரெண்டு பொசிஷன், அப்புறம் நீங்க திரும்ப வந்துட்டீங்க.

நீங்க பண்ணது அது இல்ல. வலது பின் மூலைல, அதுவும் டர்ன் முடிஞ்சு ஆக்ஸிலேட்டர் மிதிக்கற இடத்துல பட்டா முன்னாடி இருக்கற காரோட மூக்கு வலது பக்கம் திரும்பும், அங்க இருக்கறது சுவர் மட்டும்தான். ஒன்றரை டன் கார் நேரா சுவத்துக்குப் போறப்போ டிரைவர் என்ன திருப்பினாலும் நிக்காது. மணிக்கட்டு ஏன் உடைஞ்சுதுன்னு கேட்டீங்களா? மோதறப்போ முன் சக்கரம் வெட்டும், ஸ்டியரிங் சுழலும், கையை விடாமப் பிடிச்சிருந்தா கை போகும். மணிக்கட்டோட போனது அவர் அதிர்ஷ்டம், உங்க அதிர்ஷ்டமும்தான். டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 டேடோனால செத்ததும் கடைசி லாப்ல, வலது பக்கமா ஏறி சுவத்துல மோதித்தான், அந்த வருஷம் அக்டோபர்லதான் தலையும் கழுத்தும் பிடிக்கற கருவிய, பெரிய ஸ்டாக் கார் ரேஸ்களை நடத்தற நாஸ்கார் அமைப்பு கட்டாயமாக்குச்சு. பெரிய டிராக்ல இப்ப அடி வாங்கற மாதிரி ஸ்டீல், ஃபோம் வச்ச சேஃபர் தடுப்புச் சுவர் இருக்கு, நீங்க ஓட்டற டிராக்ல வெறும் கான்கிரீட்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

எர்ன்ஹார்ட் பேரைச் சொன்னீங்களே, அதையும் முழுசா பாருங்க. 1999 ஆகஸ்ட், பிரிஸ்டல், கடைசி லாப், டெர்ரி லபான்டிய பின்னாடி தட்டி சுழல விட்டுட்டு ஜெயிச்சார். வெற்றி நின்னுச்சு, ஆனா அவரைத் தலைல தூக்கி வச்சு ஆடற அதே கூட்டம் அன்னைக்கு ராத்திரி கூச்சல் போட்டு அவரைத் திட்டுச்சு. அவரே இடிச்சுக் கவுக்கணும்னு நெனைக்கல, சும்மா ஆட்டம் காட்டத்தான் நெனைச்சேன்னுதான் சொன்னார், அதாவது கவுக்கறது சரின்னு அவராலயும் சொல்ல முடியல. 2002ல அதே பிரிஸ்டல்ல ஜெஃப் கார்டன் மூணு லாப் பாக்கி இருக்கறப்போ ரஸ்டி வாலஸை தட்டி நகத்திட்டு ஜெயிச்சார், வாலஸ் ரெண்டாவதா வந்தார். ரெண்டாவதா வந்தார்ங்கறதுதான் இங்க கவனிக்க வேண்டியது. 2018 அக்டோபர்ல மார்ட்டின்ஸ்வில்ல ஜோயி லொகானோ கடைசி கார்னர்ல மார்ட்டின் ட்ரூயெக்ஸை தள்ளிட்டுப் போனப்பவும் ட்ரூயெக்ஸ் மூணாவதா கோட்டைத் தாண்டினார், பயங்கர கோபம், ஆனா லொகானோவுக்கு தண்டனை எதுவும் இல்ல, அந்த வருஷ சாம்பியன்ஷிப்பும் அவருக்கே.

இப்ப இன்னொரு பக்கம். 2024 ஆகஸ்ட் 11 ரிச்மண்ட். ஆஸ்டின் டில்லன் கடைசி லாப்ல முதல்ல லொகானோவை சுழல விட்டார், அடுத்து டென்னி ஹாம்லினோட வலது பின் மூலைல கொக்கி போட்டு, அதாவது இடிச்சுத் திருப்பி விட்டு, சுவத்துக்கு அனுப்பினார், ஜெயிச்சார். மூணு நாள் கழிச்சு நாஸ்கார் வெற்றிய விட்டுவச்சுட்டு அதால கிடைக்க வேண்டிய பிளேஆஃப் இடத்தை, அதாவது சாம்பியன்ஷிப்புக்கான கடைசிச் சுற்றுகள்ல இடத்தை, பிடுங்கிட்டாங்க, 25 பாயின்ட்டும் போச்சு, அப்பீல் போயும் இடம் திரும்பல. 2022ல லாஸ் வேகாஸ்ல கைல் லார்சனை இப்படிக் கொக்கி போட்ட பப்பா வாலஸுக்கு ஒரு ரேஸ் தடை, 2023ல சார்லட்ல ஹாம்லினை அடிச்ச சேஸ் எலியட்டுக்கும் ஒரு ரேஸ் தடை. எலியட் அந்த விளையாட்டோட ரொம்பப் பிரபலமான டிரைவர், அவருக்கே விட்டுக்கொடுக்கல. கபடில காலைப் பிடிக்கறது ஆட்டம், பிடிச்ச காலை முறுக்கி உடைக்கறது ஆட்டம் இல்ல, நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டா தொட்டதுக்கு அப்புறம் எதிராளிக்கு காரைக் காப்பாத்திக்க ஒரு வழி மிச்சம் இருந்துச்சாங்கறதை வச்சுத்தான் நியாயத்தைப் பாக்கணும். உங்க விஷயத்துல மிச்சம் இல்ல.

வெய்வர் இருக்கே, அப்புறம் என்ன?

நிறைய பேர் இப்படித்தான் நெனைச்சுட்டு இருக்காங்க. காரை நிறுத்தி ரெடி பண்ற பிட் உள்ள போறப்போ கையெழுத்து போடறது டிராக்கையும், பல ஃபார்ம்கள்ல மத்த டிரைவர்களையும் சேத்து, வழக்கமா நடக்கற விபத்துக்கு கேஸ் போட மாட்டேன்னு எழுதிக் கொடுக்கறது. உங்க ஃபார்ம்ல மத்த டிரைவர்கள் பேர் வருதா இல்லையான்னு முதல்ல படிக்கணும், ஒரு காப்பி வாங்குங்க. அப்படியே வந்தாலும் அது கவனக்குறைவுக்குத்தான் கவசம். வேணும்னே அடிச்சதுக்கோ, உயிர் போனாலும் பரவால்லங்கற மாதிரி நடந்துக்கிட்டதுக்கோ பொதுவா கோர்ட் அந்தக் கவசத்தைக் கொடுக்காது. ரேஸ்ல தொடுவாங்கன்னு ஒத்துக்கிட்டு வந்தவர், சுவத்துல ஏத்துவாங்கன்னு ஒத்துக்கிட்டு வந்தவர் இல்ல.

நார்த் கரோலினால இன்னொண்ணு இருக்கு, உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது சொல்லியிருப்பாங்க, காயப்பட்டவர் மேல கொஞ்சம் தப்பு இருந்தாலும் நஷ்ட ஈடு கிடைக்காதுன்னு. கவனக்குறைவு கேஸ்ல அது உண்மைதான், இந்த மாதிரி கடுமையான சட்டம் இப்ப வெகு சில மாநிலத்துலதான் இருக்கு. ஆனா வேணும்னே பண்ணதுன்னு ஜூரி முடிவு பண்ணா அந்த வாதமும் உங்களுக்கு உதவாது. அதுக்கு மேல தண்டனையா போடற நஷ்ட ஈடு வேற வரலாம், நிஜ நஷ்டத்தைப் போல மூணு மடங்கு அல்லது 2,50,000 டாலர், எது அதிகமோ அது வரைக்கும் போகலாம். உங்களுக்கு அப்படி வரும்னு சொல்லல, ஆறு வார சம்பளமும் ஆஸ்பத்திரி பில்லும் உள்ள கேஸ் அவ்வளவு தூரம் போறது அபூர்வம். ஆனா கதவு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், கேஸ் போட அவருக்கு 3 வருஷம் டைம் இருக்கு.

அப்ப எல்லாமே ஒரு கேள்வில வந்து நிக்குது, வேணும்னே பண்ணீங்களா? லெட்டர்ல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, 12வது லாப்புக்கு அப்புறம், டிராக்கைப் பாத்து ரேடியோல தகவல் சொல்ற ஸ்பாட்டரா நின்ன ஃப்ரெண்ட் ரேடியோல "அடுத்த தடவ மாட்னான்னா தூக்கிடு மச்சான்"னு சொன்னார், நீங்க "சரி"ன்னீங்க, கார்ல இருந்த கேமரால அது பதிவாகியிருக்கு. தமிழ்ல இருக்குன்னு நிம்மதிப்படாதீங்க, கோர்ட்ல மொழிபெயர்ப்பாளர் உண்டு. ரிச்மண்ட்லயும் டில்லனோட ஸ்பாட்டர் ரேடியோல கவுத்துடுன்னு கத்தினது வெளிய வந்துச்சு, அவருக்கும் தடை விழுந்துச்சு. அந்த மெமரி கார்டை அழிக்காதீங்க. கேஸ் வரும்னு தெரிஞ்ச பிறகு சாட்சியத்தை அழிச்சா அது வீடியோல இருக்கறதை விட மோசமா உங்களுக்கு எதிரா பேசும். ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல இருக்கற மெசேஜும் அப்படியே இருக்கட்டும், புதுசா எதுவும் போடாதீங்க.

"அவன்தான் முதல்ல தொட்டான்"

இது எனக்கு ரொம்ப வருத்தமான பகுதி, ஏன்னா டிராக்ல பாதி காயம் இந்த ஒரு வாக்கியத்துலதான் ஆரம்பிக்குது. 2015 அக்டோபர்ல கான்ஸஸ்ல லொகானோ, லீட்ல இருந்த மேட் கென்செத்தை சுழல விட்டு ஜெயிச்சார், கென்செத் பிளேஆஃப்ல இருந்து வெளிய போயிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு மார்ட்டின்ஸ்வில்ல கென்செத் பல லாப் பின்தங்கி ஓடிட்டு இருந்தப்போ, லீட்ல வந்த லொகானோவை நேரா சுவத்துக்கு இழுத்துட்டுப் போனார். கூட்டம் கைதட்டுச்சு. நாஸ்கார் அவருக்கு ரெண்டு ரேஸ் தடை போட்டுது, அதுவும் ரொம்ப சுத்தமா ஓட்டறவர்னு பேர் எடுத்தவருக்கு. கான்ஸஸ்ல அவருக்கு நடந்தது அநியாயம்னு நெனைச்சவங்க நிறைய பேர் இருந்தாங்க, ஆனா அது பதிலடிக்கு லைசன்ஸ் ஆகல. சட்டத்துலயும் தற்காப்புங்கறது அந்த நொடி வர்ற ஆபத்தைத் தடுக்கறது. பல லாப் கழிச்சு தீர்த்துக்கறது கணக்கு தீர்க்கறது, அதைச் சொல்லச் சொல்ல வேணும்னே பண்ணீங்கங்கறதுக்கு நீங்களே காரணம் கொடுக்கறீங்க. தயவுசெஞ்சு இந்த வாக்கியத்தை யார்கிட்டயும் திரும்பச் சொல்லாதீங்க.

அதே காரணத்துக்காகத்தான் "முந்திக்கோ"ன்னு சொன்ன ஃப்ரெண்ட் பேச்சைக் கேக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். அந்த மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு டிராக் மேல உங்க காரைப் பாத்து நடந்து வந்தார்னு எழுதியிருக்கீங்க. 2014 ஆகஸ்ட் 9ல நியூயார்க்ல ஒரு மண் டிராக்ல, ஸ்பிரின்ட் கார் ரேஸ்ல, டோனி ஸ்டூவர்ட்டோட போட்டி போட்டு சுவத்துல மோதின கெவின் வார்டுங்கற 20 வயசுப் பையன் அப்படித்தான் கோபத்துல இறங்கி நடந்தான், ஸ்டூவர்ட்டோட காரே அவனை அடிச்சு உயிர் போச்சு. குத்தம் சாட்டலாமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி ஸ்டூவர்ட் மேல குத்தம் சாட்டல, ஆனா குடும்பம் போட்ட சிவில் கேஸ் 2018 வரைக்கும் இழுத்து செட்டில்மென்ட்ல முடிஞ்சுது. அந்தப் பையன் செத்த சில நாள்லயே, பாதுகாப்பு ஆளுங்க வர்ற வரைக்கும் காரை விட்டு இறங்காதேன்னு நாஸ்கார் ரூல் கொண்டு வந்துச்சு. ஒரு கோபம் இன்னொரு கோபத்தை எங்க கொண்டு போய் விடும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அப்பீல், இன்ஷூரன்ஸ், விசா

அப்பீல் போக உங்களுக்கு உரிமை இருக்கும், ரூல் புக்கைப் பாருங்க. ஆனா போக வேண்டாம்னுதான் நான் சொல்வேன். 600 டாலருக்காக நீங்க எழுதிக் கொடுக்கற விளக்கம் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கையில இருக்கும். 2023ல ஃபீனிக்ஸ்ல ராஸ் சாஸ்டெயினை சுவத்துல தேச்சதை டிராக்ல யாரும் தண்டிக்கல, ஹாம்லின் தன்னோட பாட்காஸ்ட்ல வந்து ஆமா வேணும்னுதான் பண்ணேன்னு சொன்ன பிறகுதான் 50,000 டாலரும் 25 பாயின்ட்டும் போச்சு. அதுவுமில்லாம அஃபிஷியல்ஸ் எடுத்த முடிவு சரின்னுதான் நான் நெனைக்கறேன்.

கார் இன்ஷூரன்ஸ் ரேஸுக்கு பொதுவா செல்லாது. வீட்டு இன்ஷூரன்ஸ், அதுக்கு மேல கூடுதலா எடுக்கற அம்ப்ரெல்லா பாலிசி எது இருந்தாலும் எடுத்து வக்கீல்கிட்ட காட்டுங்க, ஆனா வேணும்னே பண்ணதுக்கு அதுலயும் விலக்கு இருக்கும், அதனால சொந்தக் காசுலதான் போகும்னு வச்சுக்கிட்டு திட்டம் போடுங்க.

விசா விஷயம் நீங்க கேக்கவே இல்ல, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுது. சிவில் கேஸ் வந்ததுக்காக ஹெச்1பி போகாது, பயப்படாதீங்க. ஆனா பிட்ல ஒரு கைகலப்பு ஆகி போலீஸ் வந்து கைரேகை எடுத்தாங்கன்னா, கேஸ் தள்ளுபடி ஆனாலும் அடுத்த விசா ஸ்டாம்பிங்ல, கிரீன் கார்டு ஃபைல்ல அது கூடவே வரும். பிரைஸ் பணமும் ஒரு சிக்கல்தான், ஹெச்1பில ஸ்பான்சர் பண்ண கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், ரேஸ்ல வாங்கற காசை எப்படிப் பாப்பாங்கன்னு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட தனியா கேட்டுக்கோங்க. அது வரைக்கும் வாங்காம இருக்கறதே நல்லது, அந்த 600ஐ விட்டுடுங்கன்னு சொல்றதுக்கு இது இன்னொரு காரணம்.

மன்னிப்பு கேக்கலாமா?

கேக்கணும். வக்கீலுங்க பொதுவா வாயைத் திறக்காதேன்னுதான் சொல்வாங்க, அதுல நியாயமும் இருக்கு, நீங்க அவர்கிட்ட சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் கோர்ட்ல சாட்சியா வரலாம். ஆனா இந்த மாதிரி சின்ன ஊர் டிராக்ல கேஸ் வர்றதும் வராததும் பல தடவை, அடிச்சவன் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தானா இல்லையாங்கறதுலதான் நிக்குது. அதுக்கும் மேல, ஒரு மெக்கானிக்கோட வலது கையை உடைச்சிருக்கீங்க தம்பி, அவர் பொழப்பே அந்தக் கைதான்.

அதனால வரிசையை மாத்தாதீங்க. முதல்ல இந்த வாரமே உள்ளூர்ல காயம் சம்பந்தப்பட்ட கேஸ் பாக்கற ஒரு வக்கீலைப் பாருங்க, ரேடியோ பேச்சு உள்பட ஒளிக்காம எல்லாத்தையும் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்றது வெளிய போகாது. அவர் மூலமா ஆஸ்பத்திரி பில்லுக்கும் ஆறு வார வேலை நஷ்டத்துக்கும் ஒரு தொகை பேசச் சொல்லுங்க, காருக்கும் ஏதாவது சேத்துக்கோங்க. செட்டில்மென்ட்டா பேசற தொகையையும் பில்லைக் கட்டறேங்கறதையும் பொதுவா குத்தத்தை ஒத்துக்கிட்டதா கோர்ட்ல காட்ட முடியாது, ஆனா அதோட சேத்து நீங்க கொட்டற கதையைக் காட்ட இடம் இருக்கு, அதனாலதான் வக்கீல் நடுவுல இருக்கணும். பணம் கைமாறறப்போ, இனி கேஸ் போட மாட்டேங்கற முழு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்காம விடாதீங்க.

வக்கீல் சரின்னதும் அந்த மெக்கானிக்கை நேர்ல போய்ப் பாருங்க. கை எப்படி இருக்குன்னு கேளுங்க, உங்களுக்கு இப்படி ஆனதுல எனக்கு ரொம்ப வருத்தம்னு சொல்லுங்க. வேணும்னு பண்ணலன்னு மட்டும் சொல்லாதீங்க, அது பொய்யா இருந்தா அதை விடப் பெரிய காயம் வேற இல்ல. 12வது லாப் பேச்சை எடுக்காதீங்க, அவர் எடுத்தாலும் கேட்டுக்கோங்க. தடை ரெண்டு வாரம்தான், ஆனா அவர் கை கட்டை அவிழ்க்கற வரைக்கும் நீங்க அந்த டிராக்ல கார் இறக்காதீங்க, அதை அஃபிஷியல்ஸ்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. திரும்ப ஓட்டறப்போ அந்த ஃப்ரெண்டை ஸ்பாட்டரா வைக்காதீங்க.